பாடத்துக்கு முந்தும் பயிற்சி!

2024 செப்டம்பர் 3-ஆம் தேதி தில்லியிலும் ராஜஸ்தானிலும் உள்ள 27 பள்ளிகளில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஆய்வுக் குழுக்கள் முன்னறிவிப்பின்றி நுழைந்தன. 11, 12-ஆம் வகுப்புப் பதிவேடுகளில் பெயர்கள் நிறைந்திருந்தன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பெருந்தொகையினர் வகுப்பறையில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், 21 பள்ளிகளின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. அவற்றில் 16 தலைநகர் தில்லியில் உள்ளவை. மற்ற ஐந்து ராஜஸ்தானின் கோட்டா, சீகர் நகரங்களில் உள்ளவை. மேலும் ஆறு தில்லிப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளி என்ற தகுதியை இழந்தன. வட இந்தியப் பெற்றோர் 'டம்மி பள்ளி' என்று கூச்சமின்றியே அழைக்கும் ஏற்பாடு இது.

அந்த மாணவர்கள் ஊர் சுற்றப் போய்விடவில்லை. பள்ளி நேரத்தில் அவர்கள் பயிற்சி மையத்தில் அமர்ந்து நீட் தேர்வுக்கோ, ஐஐடி நுழைவுத் தேர்வுக்கோ மாதிரி வினாத்தாள் எழுதிக் கொண்டிருந்தார்கள். மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க விரும்பும் பிள்ளை அதற்கு அடிப்படையான இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் பள்ளியில் படித்து முடித்த பிறகு நுழைவுத் தேர்வுக்கு வருவது இயல்பான முறை. அந்த முறை இன்று தலைகீழாகிவிட்டது. தேர்வுக்கான பயிற்சி முதலில் வருகிறது. பாடம் பின்னால் வருகிறது, அல்லது வராமலே போகிறது.

எவ்வளவு முன்னதாக வருகிறது என்பதைப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே 'பவுண்டேஷன்' வகுப்புகளைப் பயிற்சி நிறுவனங்கள் நடத்துகின்றன. நீட் தேர்வின் பாடத்திட்டமோ முழுக்க முழுக்க 11, 12-ஆம் வகுப்புகளுக்கு உரியது. எறியப்பட்ட பொருளின் பாதையைக் கணக்கிட முக்கோணவியல் தெரிந்திருக்க வேண்டும். மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் முக்கோணவியல் பத்தாம் வகுப்பில்தான் அறிமுகமாகிறது. எட்டாம் வகுப்புச் சிறுவனிடம் அந்தக் கணக்கைக் கொடுத்தால் அவனால் என்ன செய்ய முடியும்? சூத்திரத்தை மனப்பாடம் செய்வான். நான்கு விடைகளில் எதை முதலில் கழிப்பது என்ற உத்தியைக் கற்பான். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கும் வகுப்பு மூன்று ஆண்டுகள் கழித்து நடக்கும். அப்போது அவன் அந்த வகுப்பில் இருக்க மாட்டான். பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் மட்டும் இருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல. பிளஸ் 1 வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே பிளஸ் 2 பாடத்தை நடத்தி, இரண்டு ஆண்டுகளும் அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்து மாநில அளவில் மதிப்பெண் குவித்த தனியார் விடுதிப் பள்ளிகளை நாமக்கல் வட்டாரத்தில் பார்த்தவர்கள் நாம். அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் பிளஸ் 1 வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு என்று 2017-இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால், பிளஸ் 1 பாடம் மீண்டும் அனாதையாகாமல் பார்த்துக் கொள்ள வேண்டிய பொறுப்பு அதோடு முடிந்துவிடவில்லை. நாமக்கல்லில் பாதியாக நடந்தது வடக்கே முழுமை பெற்றிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. அங்கே பாடம் தாண்டப்பட்டது. இங்கே பள்ளியே தாண்டப்படுகிறது.

பெற்றோரைக் குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவர்களை இந்தப் பாதையில் தள்ளும் விதிகள் என்ன என்பதையும் பார்த்தாக வேண்டும். நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். பிளஸ் 2 தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றால் போதும். அதற்கு மேல் பள்ளியில் பெறும் எந்த மதிப்பெண்ணுக்கும் தரவரிசையில் இடமில்லை. உயிரியலில் 95 எடுத்தவரும் 51 எடுத்தவரும் சேர்க்கையின்போது ஒன்றே. வினாத்தாளைப் பார்த்த கணத்தில் விடையைக் குறிக்கும் வேகம்தான் இருக்கையைத் தீர்மானிக்கிறது என்னும்போது, ஆய்வகத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீண் என்று ஒரு குடும்பம் கணக்குப் போடுவதில் வியப்பில்லை.

தில்லிக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் கழகத்திலும் தில்லி ஒதுக்கீட்டில் சேர வேண்டுமானால் 11, 12-ஆம் வகுப்புகளைத் தில்லியில் படித்திருக்க வேண்டும். பிற மாநிலத்துப் பிள்ளைகளில் சிலர் வேறு நகரத்துப் பயிற்சி விடுதியில் தங்கிக்கொண்டு தில்லிப் பள்ளியில் பெயரை மட்டும் பதிந்து இந்த ஒதுக்கீட்டைப் பெறுகிறார்கள் என்ற பொதுநல மனு தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. உள்ளூர்ப் பிள்ளைக்கு என வகுக்கப்பட்ட விதி, ஊரில் இல்லாத பிள்ளைக்கு முகவரி விற்கும் வணிகமாக மாறியதுதான் மிச்சம்.

இதில் உண்மையில் தொலைந்து போவது எது? மத்திய வாரியத்தின் 12-ஆம் வகுப்பு அறிவியல் பாடங்கள் ஒவ்வொன்றிலும் 30 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும் அந்த ஒரு துளியில் நிறுத்தப் பழகுவது; உப்பைப் பகுத்து அதிலுள்ள அயனியைக் கண்டறிவது; இலையின் மெல்லிய தோலை உரித்து நுண்ணோக்கியின் அடியில் வைத்து இலைத்துளையைத் தேடுவது. இவை எவையும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வில் வராது. கை கற்றுக் கொள்ளும் பாடங்கள் இவை. டம்மி மாணவர் ஆய்வகத்தைப் பார்ப்பது செய்முறைத் தேர்வன்றுதான் என்பதும், ஓராண்டுக்கான பதிவுக் குறிப்பேடு அந்த வாரத்தில் வேறொருவர் குறிப்பேட்டைப் பார்த்து நிரப்பப்படுகிறது என்பதும் ஊரறிந்த ரகசியம்.

மற்ற எந்தப் படிப்பைக் காட்டிலும் பல் மருத்துவத்தில் இந்த இழப்பு உடனடியாக வெளிப்பட்டுவிடும். பிடிஎஸ் முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு பல்லின் அமைப்பைப் பற்றிய தனிப்பாடம் இருக்கிறது. அதில் மெழுகுக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு பல்லின் முகடும் பள்ளமும் மில்லி மீட்டர் பிசகாமல் மாணவர் செதுக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் நோயாளியின் தலையைப் போன்ற பொம்மையில் சொத்தையைக் குடைந்து அடைக்கப் பழக வேண்டும். அதன் பிறகுதான் உயிருள்ள வாய்க்குள் கருவி போகும். எட்டு ஆண்டுகள் விடைத்தாளில் வட்டம் நிரப்பியே பழகிய விரல்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கருவியைப் பிடிக்கின்றன.

அமெரிக்காவில் பல் மருத்துவப் பள்ளிக்குப் போகிறவர்கள் அதற்கு முன் கல்லூரியில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் பாடங்களை ஆய்வகப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும். பல் மருத்துவத்துக்கென்றே அங்கு தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஒரு காலத்தில் அதில் சுண்ணக்கட்டியைச் செதுக்கிக் காட்டும் சோதனை இருந்தது. பின்னர் அதற்குப் பதிலாக, வடிவங்களை மனக்கண்ணால் திருப்பிப் பார்க்கும் திறனை அளக்கும் பகுதி வந்தது. அங்கும் அவசரக்காரர்கள் உண்டு. கரிம வேதியியல் வகுப்பு முடியும் முன்பே தேர்வு நூலை வாங்கிப் புரட்டும் மாணவருக்கு, முதலில் பாடத்தை முடித்துவிட்டு வா என்பதே அங்குள்ள ஆசிரியர்களின் வழக்கமான அறிவுரை. அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டு வர வேண்டும் என்பதில்லை; அதன் செலவை இந்தியக் குடும்பங்கள் தாங்காது. பல் மருத்துவருக்கு என்ன திறன் வேண்டும் என்ற கேள்வியையாவது அங்கே கேட்டிருக்கிறார்கள். இங்கே எம்பிபிஎஸ் கிடைக்காதவருக்கான இரண்டாவது கதவாகவே பிடிஎஸ் நடத்தப்பட்டு வருகிறது.

அந்தக் கதவின் நிலையைத்தான் 2021-இல் உச்ச நீதிமன்றம் கண்டது. 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 7,000 பிடிஎஸ் இடங்கள் காலியாகக் கிடந்தன. தகுதி வரம்பைக் குறைக்கலாம் என்று பல் மருத்துவக் கவுன்சில் பரிந்துரைத்தது. மத்திய அரசு மறுத்தது. பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை, 6,080 பேருக்கு ஒருவர் வீதம் இருக்கிறார் என்று அரசு வாதாடியது. நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி அந்த வாதத்தை நிராகரித்து, அந்த ஆண்டுக்கு மட்டும் வரம்பைப் பத்து பர்சன்டைல் குறைக்க ஆணையிட்டது. தனியார் கல்லூரிகளின் மிதமிஞ்சிய கட்டணமும் இடங்கள் காலியாக இருக்க ஒரு காரணம் என்பதைக் குறிப்பிட்ட நீதிமன்றம், கட்டணத்தைக் குறைப்பது பற்றி நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும் என்றும் கூறியது. தகுதியைக் காக்கவே இந்தத் தேர்வு என்ற வாதத்தோடு இதைச் சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிள்ளையின் மாலைப் பொழுதுகளைப் பறித்துக் கொண்ட தேர்வின் வரம்பு, கல்லூரியில் இடம் நிரம்பவில்லை என்றதும் இறங்கி வருகிறது.

2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த ஒரு முடிவும் இங்கே கவனத்துக்குரியது. அதற்கு முன்பு, உயிரியல் உள்ளிட்ட பாடங்களை 11, 12-ஆம் வகுப்புகளில் இரண்டு ஆண்டுகள் முறையாகத் தொடர்ந்து படித்திருக்க வேண்டும் என்பது மருத்துவச் சேர்க்கையின் விதி. பிளஸ் 2 முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று ஆணையம் அதைத் தளர்த்தியது. பதினைந்து வயதில் கணிதப் பிரிவைத் தேர்ந்துவிட்டு, பதினெட்டு வயதில் மனம் மாறிய பிள்ளைக்கு இது நியாயம் செய்யும் முடிவு. அதில் குறை காண முடியாது. ஆனால், இரண்டு ஆண்டுத் தொடர் படிப்பு என்ற நிபந்தனை போன பிறகு, எஞ்சியிருக்கும் சான்றிதழாவது உண்மையான படிப்பைக் காட்ட வேண்டாமா? செய்முறையில் 30-க்கு 29 என்று அச்சிடப்பட்ட காகிதத்துக்குப் பின்னால் ஒரு ஆய்வகம் இருந்ததா என்று சேர்க்கையின்போது எவரும் கேட்பதில்லை.

இதில் நாடாளுமன்றத்தின் பங்கு என்ன? 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றதும் நீட் மீண்டும் உயிர்பெற்றது. மே மாதம் அவசரச் சட்டங்கள் வந்தன. ஜூலையில் மக்களவையும் ஆகஸ்டில் மாநிலங்களவையும் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தையும் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தையும் திருத்தி, ஒரே நுழைவுத் தேர்வை நாடெங்கும் கட்டாயமாக்கின. 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணைய மசோதா வந்தது. மணிப்பூர் நிலவரம் குறித்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே, ஜூலை 28-ஆம் தேதி மக்களவையில் அது நிறைவேறியது. பல் மருத்துவக் கல்வியின் அரை நூற்றாண்டுக்கும் மேலான சட்டத்தை மாற்றி எழுதும் மசோதா அது. அதன் மீது நடந்திருக்க வேண்டிய விவாதம் கூச்சலில் கரைந்தது. பல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட், படிப்பு முடியும்போது மற்றொரு தேசியத் தேர்வு என்று இரண்டு முனையிலும் தேர்வுகளை நிறுத்தியிருக்கிறது அந்தச் சட்டம். பள்ளியில் படித்தார்களா என்ற கேள்வி அங்கும் எழவில்லை.

தேர்வைத் திணிக்கச் சட்டம் இயற்றிய அதே மத்திய அரசு, அந்தத் தேர்விலிருந்து பள்ளியைக் காக்க என்ன செய்தது? 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயது நிரம்பாதவரை, அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வை முடிக்காதவரைச் சேர்க்கக் கூடாது. பட்டம் பெறாதவர் பாடம் நடத்தக் கூடாது. இடம் உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாயும் அடுத்த முறை ஒரு லட்சம் ரூபாயும் அபராதம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இது சட்டமல்ல. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அந்த அபராதத்தை எவரும் விதிக்க முடியும். அவையில் உறுப்பினர்கள் கேட்கும்போதெல்லாம், நெறிமுறைகள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டுள்ளன, நடவடிக்கை அவற்றின் கையில் என்ற எழுத்துமூலப் பதிலே அமைச்சகத்திடமிருந்து வருகிறது. கல்வி 1976-இல் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. மாநிலங்களின் எதிர்ப்பை மீறி நீட் தேர்வைக் கொண்டு வந்தபோது தில்லிக்கு நினைவிருந்த பொதுப் பட்டியல், பயிற்சி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் நேரத்தில் மட்டும் மறந்து போகிறது.

மாநிலங்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானே சான்று. பயிற்சித் தொழிலின் தலைநகரான கோட்டா அந்த மாநிலத்தில் இருக்கிறது. 2023-இல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே உயிரை மாய்த்துக் கொண்டனர். விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த ஆணையிட்டதுதான் நிர்வாகத்துக்கு அப்போது தோன்றிய பரிகாரம். 2025 மார்ச்சில் பயிற்சி மையங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா ஜெய்ப்பூர் சட்டப்பேரவையில் அறிமுகமானது. மத்திய நெறிமுறைகளின் மையமான 16 வயது வரம்பு அதில் விடுபட்டிருந்ததைப் பலரும் சுட்டிக் காட்டினர். தெரிவுக் குழுவுக்குப் போன மசோதா செப்டம்பரில் நிறைவேறியபோது முதல் வடிவத்தில் இருந்த அபராதங்களும் குறைந்திருந்தன. ஒரு நகரத்தின் வாடகையும் உணவகமும் ஆட்டோவும் பயிற்சி மையங்களை நம்பியிருக்கும்போது, எந்த மாநில அரசும் அதன் மீது கை வைக்கத் தயங்கும். இந்தத் தயக்கம் கட்சி பார்த்து வருவதில்லை.

நீட் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி வழக்கு. அதில் தமிழ்நாட்டின் நிலைப்பாடு நாடறிந்தது. 2021-இல் பேரவை நிறைவேற்றிய விலக்கு மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2022 பிப்ரவரியில் மறுமுறை நிறைவேற்றப்பட்டது. ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்த மசோதாவுக்கு அடிப்படையான நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் உண்டு. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வெழுதி வந்தவர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். பள்ளியை முடித்த கையோடு கல்லூரிக்குப் போவது விதிவிலக்காகிவிட்டது என்பதே அதன் பொருள். நீட் தேர்வை ஆதரிப்பவர்களும் இந்தப் புள்ளிவிவரத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். பள்ளிப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு எளிதான தேர்வு என்றுதான் அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது உண்மையானால், பள்ளியில் இல்லாமலிருப்பதற்காகக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் பணம் கட்டுவது ஏன்?

பயிற்சி மையங்களைச் சார்ந்திருக்கும் போக்கு, டம்மி பள்ளிகள், நுழைவுத் தேர்வுகளின் நியாயம் ஆகியவற்றை ஆராய 2025 ஜூனில் மத்திய கல்வி அமைச்சகம் உயர்கல்விச் செயலர் வினீத் ஜோஷி தலைமையில் ஒன்பது பேர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை அமைச்சகத்தின் அலமாரியில் தங்காமல் இரு அவைகளிலும் வைக்கப்பட்டு, முழக்கங்களுக்கு இடையே அல்லாமல் முறையாக விவாதிக்கப்பட வேண்டும். 16 வயது வரம்பை நாடாளுமன்றச் சட்டமாக்குவதற்கு அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மருத்துவ, பல் மருத்துவச் சேர்க்கை விதிகளில், நீட் மதிப்பெண்ணோடு 11, 12-ஆம் வகுப்புகளின் 75 சதவீத வருகைப் பதிவும், மூன்று அறிவியல் பாடங்களின் செய்முறைத் தேர்ச்சியும் கலந்தாய்வின்போது சரிபார்க்கப்படும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தால், ஒரே பருவத்தில் டம்மி பள்ளிகளின் வாடிக்கையாளர் கூட்டம் கலைந்துவிடும். அந்தப் பிரிவோடு சேர்ந்தே, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பூட்டிக் கிடக்கும் ஆய்வகங்களைத் திறக்கவும், உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்பவும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியரே இல்லாத பள்ளியில் 75 சதவீத நாள்கள் அமர்ந்திருக்கச் சொல்வது, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத பிள்ளைக்கு இன்னொரு தண்டனையாகிவிடும்.